வலைப்பதிவுக் குழுமம்: முதல் தளம் முதல் விற்பனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பல வலைப்பதிவுத் தளங்களைச் சேர்த்து ஒரே தொழிலாக நடத்துவதே வலைப்பதிவுக் குழுமம். பத்துத் தளம் இருந்தால் பத்து மடங்கு வருமானம் என்று கணக்குப் போட்டு இறங்குபவர்கள், ஓராண்டு கழித்துப் பத்து அரைகுறைத் தளங்களோடு நிற்பார்கள். தளங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் நிச்சயமாகக் கூடுவது வேலைதான். குழுமத்தின் லாபம் பிறக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒரே விளம்பரதாரருக்குப் பல தளங்களைச் சேர்த்து விற்பது. இன்னொன்று, முதல் தளத்தில் பழகிய வேலைமுறையால் அடுத்த தளத்தைக் குறைந்த செலவில், குறைந்த பிழைகளோடு நடத்துவது. இந்த இரண்டுக்கும் உதவாத தளத்தைத் தொடங்கவே வேண்டாம்.

யார் எப்படிச் செய்தார்கள்

ஜேசன் கலக்கானிஸும் பிரையன் ஆல்வியும் 2003-ல் அமெரிக்காவில் தொடங்கிய வெப்லாக்ஸ் இன்க். நிறுவனம், இரண்டே ஆண்டில் எண்பதுக்கு மேற்பட்ட வலைப்பதிவுகளை நடத்தியது. 2005 அக்டோபரில் அமெரிக்க இணைய நிறுவனமான ஏ.ஓ.எல். அதை வாங்கியது, விலை சுமார் 2.5 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. ஆனால் வாங்கியவர்கள் கண் வைத்தது எண்பதின் மேல் அல்ல. எங்காட்ஜெட், ஆட்டோபிளாக், ஜாய்ஸ்டிக் போன்ற சிலவற்றின் மேல்தான்.

நிக் டெண்டனின் காக்கர் மீடியா இதற்கு நேர்மாறான வழியில் போனது: கிஸ்மோடோ, லைஃப்ஹேக்கர், ஜலோப்னிக், டெட்ஸ்பின் என்று குறைந்த எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் அழுத்தமான தனி அடையாளம். மூன்றாவது வகை, ஒரே அச்சில் பல தளங்களை வார்ப்பது. எஸ்.பி. நேஷன் விளையாட்டு அணிகளின் ரசிகர்களைக் கொண்டு அணிக்கொரு வலைப்பதிவு நடத்தியது. 2011-ல் அதிலிருந்தே வாக்ஸ் மீடியா என்ற பெரிய நிறுவனம் உருவானது. பெங்களூருவின் ஒன்இந்தியா குழுமம் இதையே மொழிவாரியாகச் செய்தது: வண்டிகளுக்கு டிரைவ்ஸ்பார்க், பணத்துக்கு குட்ரிட்டர்ன்ஸ், கருவிகளுக்கு கிஸ்பாட் என்று துறைக்கொரு தளம், அதற்குத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பதிப்பு.

நான்காவது வகையில் தளங்கள் உங்களுடையவை அல்ல. மற்றவர்களின் தளங்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்துப் பங்கு எடுத்துக்கொள்வது மட்டுமே தொழில். ஃபெடரேட்டட் மீடியா, கிளாம் மீடியா இரண்டும் இந்த வழியில் பெரிதாக வளர்ந்தவை. விளம்பர இடங்கள் தானியங்கி ஏலத்தில் விற்கப்படத் தொடங்கியதும் இடைத்தரகரின் பங்குக்குக் காரணம் சொல்வது கடினமாயிற்று. மோட் மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்ட கிளாம் 2016-ல் மூடப்பட்டது. கையில் சொந்தத் தளம் இல்லாத குழுமத்தில், அதிக விலை தருகிறேன் என்று வேறொருவர் அழைத்த அன்றே பாதித் தளங்கள் போய்விடும். புதிதாக இறங்குகிறவருக்கு முதல் மூன்று வகைகளே பொருந்தும்.

கூகுளில் வேறொரு தளத்தை முன்னேற்ற இணைப்பு கொடுப்பதற்காகவே ஐம்பது நூறு பொம்மைத் தளங்களைக் கட்டுவதையும் சிலர் குழுமம் என்பார்கள். 2012-ல் பில்ட் மை ரேங்க் என்ற சேவையின் தளங்களைக் கூகுள் தேடலிலிருந்து மொத்தமாகத் தூக்கியபோது அந்த வியாபாரம் ஒரே வாரத்தில் முடிந்தது. இங்கே அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

படி 1: விளம்பரதாரரிடமிருந்து தலைப்புக்கு வாருங்கள்

பிடித்த தலைப்புகளைப் பட்டியலிடுவதற்கு முன், காசு கொடுக்கக்கூடிய இருபது நிறுவனங்களின் பெயர்களை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றும் எந்தெந்த வாசகர்களைத் தேடுகிறது என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக மாடித்தோட்டம், நாட்டுக்கோழி வளர்ப்பு, சொட்டுநீர்ப் பாசனம் என்று மூன்று தளங்கள். விதை விற்பவர், வளர்ப்புப் பை விற்பவர், தீவனம், பம்ப்செட், சிறு பண்ணைக் கருவிகள் விற்பவர் என்று ஒரே ஆட்கள் மூன்றிலும் விளம்பரம் தருவார்கள். அதுவே சினிமா, ஜோதிடம், பங்குச்சந்தை என்று வைத்தால் மூன்றுக்கும் மூன்று கூட்டம். ஒரே தொலைபேசி அழைப்பில் மூன்றையும் விற்க முடியாது.

உடல்நலம், முதலீடு, சட்டம் ஆகியவற்றில் விளம்பர விலை அதிகம் என்பதால் பலருக்கு ஆசை வரும். தவறான தகவல் வாசகருக்கு நேரடித் தீங்கு செய்யக்கூடிய துறைகள் இவை. கூகுளின் அளவுகோல்களும் இங்கே கடுமை. மருத்துவரோ பட்டயக் கணக்காளரோ பெயர் போட்டு எழுதாவிட்டால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

படி 2: ஒரு தளம் தாங்குமா, மூன்று தாங்குமா

இந்த எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை இட்டுப் பாருங்கள். ஒரு தமிழ்த் தளத்துக்கு மாதம் 1,00,000 பக்கப் பார்வைகள். ஆயிரம் பார்வைக்கு வரும் வருமானம், அதாவது ஆர்.பி.எம்., 80 ரூபாய். மாத வருமானம் 8,000. செலவு: சர்வர் 2,000, கட்டுரை ஒன்றுக்கு 500 வீதம் 16 கட்டுரைக்கு 8,000, இதரம் 500. ஆக 10,500. மாதம் 2,500 நட்டம்.

இப்படி மூன்று தளங்கள் ஆனால் வருமானம் 24,000. ஒரே சர்வர் 2,000, கட்டுரைகள் 24,000, இதரம் 1,000; மொத்தம் 27,000. நட்டம் 3,000. சர்வரைப் பகிர்ந்தும் நட்டம் தீரவில்லை, ஏனென்றால் பெரிய செலவு எழுத்து. அது தளத்தோடு சேர்ந்து பெருகுகிறது.

இனி அந்த 3,00,000 பார்வைகளையும் காட்டி ஒரு விதை நிறுவனத்திடம் மாதம் 12,000-க்கு நேரடி விளம்பரம் பிடித்தால்? அது அமரும் இடத்தில் முன்பு ஓடிய தானியங்கி விளம்பரத்தின் 2,000 போகும். வருமானம் 34,000, லாபம் 7,000. ஒரு லட்சம் பார்வையோடு தனியாகப் போய் நின்றால் அந்த நிறுவனத்தின் விளம்பர மேலாளர் உட்காரச் சொல்லவே யோசிப்பார். குழுமத்தின் வியாபார மதிப்பு இந்த 12,000-ல் இருக்கிறது, சர்வரில் மிச்சமாகும் பணத்தில் அல்ல.

ஆகவே வரிசை இது: முதல் தளம் செலவையாவது ஈடுகட்டும் வரை இரண்டாவதைத் தொடங்காதீர்கள். இரண்டாவதைத் தொடங்கும்போது, முதல் தளத்தில் இருக்கும் விளம்பரதாரர்களில் யார் அதற்கும் வருவார் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும்.

படி 3: தொழில்நுட்பம்

தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரே நிறுவலுக்குள் பல தளங்களை நடத்தும் மல்டிசைட் வசதி, 2010-ல் வெளியான 3.0 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஒரு முறை அப்டேட் செய்தால் எல்லாத் தளங்களும் அப்டேட் ஆகும் என்பதால் குழுமத்துக்காகவே செய்ததுபோலத் தோன்றும். மூன்று சிக்கல்கள் உண்டு. கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின் ஒன்று கெட்டால் எல்லாத் தளங்களும் ஒன்றாக விழும். ஒவ்வொரு தளத்தின் பதிவுகளும் தனி அட்டவணைகளில் இருந்தாலும் பயனர் அட்டவணை எல்லாவற்றுக்கும் பொது. அதனால் ஒரு தளத்தை மட்டும் விற்கும்போது அதைப் பிரித்தெடுப்பது இரண்டு மூன்று நாள் வேலை. மூன்றாவது பலர் கவனிக்காதது: தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பைச் சர்வரின் வேர்க் கோப்புறையில் வைத்தால், எல்லா டொமைன்களுக்கும், அதாவது தள முகவரிகளுக்கும், அது ஒன்றாகவே போகும். தளத்துக்குத் தளம் விளம்பர நிறுவனம் வேறுபட்டால் கோப்பு தவறாகி, விளம்பரம் வராமல் நிற்கும்.

ஐந்து தளங்கள் வரை தனித்தனி நிறுவல், ஒரே தீம், ஒரே பிளகின் பட்டியல், எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க மெயின்டபிள்யூபி போன்ற ஒரு மேலாண்மைக் கருவி என்று வைப்பதே எங்கள் பரிந்துரை. 2 கோர், 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு வி.பி.எஸ். (பெரிய சர்வரில் உங்களுக்கென்று ஒதுக்கிய பகுதி), ஆயத்தப் பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டும் பக்க கேஷ் சரியாக இருந்தால், மேலே சொன்ன அளவு டிராஃபிக்கைச் சிரமமில்லாமல் தாங்கும்.

டொமைனை ஹோஸ்டிங், அதாவது சர்வர் இடம், வாங்கிய இடத்தில் வாங்காதீர்கள். கட்டணத் தகராறில் ஹோஸ்டிங் கணக்கு முடங்கினாலும் டொமைன் உங்கள் கையில் இருக்க வேண்டும். டொமைன் பதிவு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். தளத்தைக் கட்டிக்கொடுத்த பையனின் ஜிமெயிலில் வேண்டாம். இரட்டைச் சரிபார்ப்பும் தானியங்கிப் புதுப்பிப்பும் கட்டாயம். பேக்கப் தினமும் எடுத்து, அதே சர்வரில் வைக்காமல் வெளியே 30 நாள் பிரதிகளாக வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒன்றை எடுத்து மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப் இருக்கிறது என்று நம்பக் கூடாது.

தொடங்கும் நாளே செய்ய வேண்டிய இரண்டு அமைப்புகள் உண்டு. விட்டுவிட்டால் பிறகு சரிசெய்யவே முடியாது. வாசகர் வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் தளம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி (பிராப்பர்ட்டி) திறந்து, விரிவான ஆய்வுத் தரவு 2 மாதம் மட்டும் தங்கும் என்ற இயல்பு அமைப்பை 14 மாதமாக மாற்றுங்கள். கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலையும் அன்றே சேர்த்துவிடுங்கள். அது 16 மாதத் தரவை வைத்திருக்கும். விற்கும்போது வாங்குபவர் கேட்கப்போவது இதைத்தான்.

படி 4: எந்தத் தளம் எதை எழுதும்

குழுமங்கள் தங்களையே தின்னும் இடம் இது. மாடித்தோட்டத் தளம் “கோழி எருவைச் செடிக்கு எப்படிப் போடுவது” என்று எழுதும். கோழித் தளமும் அதையே எழுதும். கூகுளில் இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கும், இரண்டுமே மேலே நிலைக்காது. மருந்து ஒரு எக்செல் தாள்: முதல் நிரலில் வாசகர் தேடும் கேள்வி, இரண்டாவதில் அந்தக் கேள்வி எந்தத் தளத்துக்குச் சொந்தம், மூன்றாவதில் முகவரி, நான்காவதில் கடைசியாகத் திருத்திய தேதி. புதுக் கட்டுரைக்கு ஒப்புதல் தருமுன் ஆசிரியர் இந்தத் தாளைத் தேட வேண்டும். கேள்வி ஏற்கெனவே சகோதரத் தளத்துக்குச் சொந்தமென்றால், ஒரு பத்தி எழுதி அங்கே இணைப்புக் கொடுத்தால் போதும். அப்படி வாசகருக்குப் பயன்படும் இணைப்பு எந்தச் சிக்கலும் தராது. எல்லாத் தளங்களின் அடிப்பகுதியிலும் தேடுசொற்களை நிரப்பிய இருபது இணைப்புகளை ஒட்டுவதுதான் சிக்கல் தரும்.

ஒரு தளத்தை வெளியிடும் முன் 30 கட்டுரைகளாவது தயாராக இருக்கட்டும்: நான்கைந்து பெரிய வழிகாட்டிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஐந்தாறு சிறு கேள்விகள். பிறகு வாரம் மூன்று புதுக் கட்டுரை, ஒரு பழைய கட்டுரைத் திருத்தம். திருத்தத்துக்கும் எழுத்தாளருக்குக் காசு கொடுங்கள், இல்லையென்றால் அந்த வேலை நடக்காது.

ஏ.ஐ. கருவியால் ஒரே இரவில் ஐந்நூறு கட்டுரை ஏற்றும் யோசனை குழுமம் நடத்துபவர்களுக்கே முதலில் வரும். தேடலை ஏமாற்றுவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தைக் கூகுள் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் கொள்கையில் சேர்த்தது. மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் கூகுள் தேடலில் செய்த அப்டேட்டில் நேர்மையாக எழுதிய சிறு தளங்கள்கூட அடி வாங்கின. தேடலிலிருந்து வரும் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டினால் மின்னஞ்சல் இதழ், வாட்ஸ்அப் சேனல், யூடியூப் என்று வேறு வழிகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். குழுமமாக இருப்பதன் அனுகூலம் இங்கே உண்டு: மூன்று தளங்களுக்கும் சேர்த்து ஒரே வார மின்னஞ்சல் போதும்.

எழுத்தாளர் ஊதியத்தில் ஒரு எச்சரிக்கை. காக்கர் 2008-ல் பக்கப் பார்வைக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுத்தது. பார்வைக்குக் காசு என்றால் பரபரப்புக்குக் காசு என்றுதான் எழுதுகிறவர் புரிந்துகொள்வார். கட்டுரைக்கு நிலையான தொகை, ஆறு மாதம் கழித்தும் வாசகர் வந்துகொண்டிருந்தால் ஒரு கூடுதல் தொகை என்பது பொறுமையான எழுத்தைத் தரும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவரின் கட்டுரைக்குப் பொதுவாக அவரே உரிமையாளர். காசு கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை உங்களுக்கு வராது. அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அதில் காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். “உரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்” என்ற சொற்கள் இல்லாத ஒப்பந்தத்தோடு தளத்தை விற்கப் போனால், பேரம் அங்கேயே நிற்கும்.

படி 5: விளம்பரம்

கூகுளின் தானியங்கி விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றது. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு அந்த வழி முறையாகத் திறந்திருக்கவில்லை. ஒருவருக்கு ஒரே கணக்கு. தளங்களை அதற்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். 10 டாலர் சேர்ந்ததும் முகவரிச் சரிபார்ப்புக்கான பின் எண் தபாலில் வரும், 100 டாலர் சேர்ந்ததும் பணம் வரும். ஒரு தளத்தில் போலிக் க்ளிக்குகள் நடந்து கணக்கு முடக்கப்பட்டால் எல்லாத் தளங்களின் வருமானமும் அதோடு நிற்கும். சந்தேகமான டிராஃபிக் வாங்கும் சோதனைகளை எந்தத் தளத்திலும் செய்யாதீர்கள், சிறிய தளம்தானே என்றும் செய்யாதீர்கள்.

மீடியாவைன், ராப்டிவ் போன்ற விளம்பர மேலாண்மை நிறுவனங்கள் ஆர்.பி.எம்.மைப் பல மடங்கு உயர்த்தக்கூடியவை, ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா வாசகர்கள் உள்ள ஆங்கிலத் தளங்களுக்குத்தான். அவற்றின் தகுதி வரம்பை முதல் தளம் தனியாகவே தாண்ட வேண்டும். மூன்று சிறிய தளங்களைக் கூட்டிக் காட்ட முடியாது.

நேரடி விளம்பரத்துக்கு, எந்த இடத்தில் எந்த விளம்பரம் ஓட வேண்டும் என்று நிர்வகிக்கும் கூகுள் ஆட் மேனேஜரைப் பயன்படுத்துங்கள்; சிறு அளவில் இலவசம். தளத்தின் பெயர், பக்க வகை, இடம் என்ற வரிசையில் விளம்பர இடங்களுக்குப் பெயர் வைத்தால், “மூன்று தளங்களிலும் கட்டுரைக்கு நடுவில்” என்று ஒரே உத்தரவில் ஓட்டலாம். நேரடி விளம்பரத்துக்கு முதல் முன்னுரிமை, விற்காத இடத்துக்கு ஆட்சென்ஸ். ஒரே ஆள் மூன்று தளத்தையும் வாசிப்பார் என்பதால் ஒருவருக்கு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் காட்டாதபடி வரம்பு வையுங்கள்.

விளம்பரதாரரிடம் கொண்டுபோகும் தாள் இரண்டு பக்கம் போதும்: மாத வாசகர் எண்ணிக்கை, எந்த மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், அதிகம் வாசிக்கப்பட்ட பத்துக் கட்டுரைகள், விலை. தனித்தனி விலையைப் போட்டு, மூன்றுக்கும் சேர்த்தால் 20 விழுக்காடு குறைவு என்று காட்டுங்கள். குறைந்தது மூன்று மாதம் என்று பேசுங்கள். ஒரு மாத விளம்பரத்தில் விற்பனை ஏறியதா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பணம் பெற்று எழுதும் கட்டுரையில் “விளம்பரம்” என்ற சொல் தலைப்பின் அருகிலேயே இருக்க வேண்டும், அதிலுள்ள இணைப்புக்கு, இது பணம் பெற்ற இணைப்பு என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு குறியீடு இட வேண்டும். ஒரு சூதாட்டச் செயலி பெருந்தொகை சொல்லி மாதா மாதம் மின்னஞ்சல் அனுப்பும். ஏற்றால் ஆட்சென்ஸும் போகும், விதை நிறுவனமும் போகும்.

வரி: சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணியில் வரும் விளம்பரப் பணம் ஏற்றுமதிச் சேவையாகக் கருதப்படுமானால், உறுதிப் பத்திரம் தாக்கல் செய்து வரி கட்டாமல் காட்டலாம். உள்ளூர் விளம்பரதாரருக்கான பில்லில் 18 விழுக்காடு. வங்கியின் செலாவணிச் சான்றுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைக் கணக்காளரிடம் விடுங்கள்.

படி 6: தளவாரிக் கணக்கு

ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு தளத்துக்கும் தனி லாப நட்டக் கணக்கு போடுங்கள். பொதுச் செலவைப் பக்கப் பார்வைப்படி பிரிக்காமல், ஆசிரியர் செலவிட்ட மணி நேரப்படி பிரியுங்கள். இல்லாவிட்டால் நோஞ்சான் தளம் எப்போதும் ஆரோக்கியமாகத் தெரியும். ஐந்து தளங்களில் ஒன்றோ இரண்டோதான் மற்றவற்றைச் சுமக்கும். 18 மாதம் ஆகியும், எழுத்துச் செலவில் பாதியைக்கூட எடுக்காத தளத்தை மூட வேண்டும். ஆனால் நேரடி விளம்பரதாரர் அந்தத் தளத்துக்காகவே குழுமத்துக்கு வந்தார் என்றால் அது விதிவிலக்கு.

சட்ட ஆபத்தையும் கணக்கில் எடுங்கள். 2016 மார்ச்சில் மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் தொடுத்த வழக்கில் காக்கர் மீடியாவுக்கு எதிராக 14 கோடி டாலர் தீர்ப்பு வந்தது. வழக்கு காக்கர் என்ற ஒரே ஒரு தளத்தின் ஒரு பதிவைப் பற்றியது. திவாலானது மொத்த நிறுவனமும். யூனிவிஷன் 13.5 கோடி டாலருக்கு மற்றத் தளங்களை வாங்கிக்கொண்டது, காக்கர் தளம் மூடப்பட்டது. அரசியல், பிரபலங்கள் என்று வழக்கு வரக்கூடிய தளம் ஒன்று உங்களிடம் இருந்தால் அதைத் தனி நிறுவனத்தின் கீழ் வையுங்கள்.

படி 7: மூடுவதும் விற்பதும்

மூடும் தளத்தின் நல்ல கட்டுரைகளைப் பொருத்தமான சகோதரத் தளத்துக்கு மாற்றி, பக்கத்துக்குப் பக்கம் 301 திசைமாற்றம், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் அமைப்பு, கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் பயன் இல்லை. இந்தத் திசைமாற்றம் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும்.

டொமைனை அதற்குப் பிறகும் விட்டுவிடாதீர்கள். வெப்லாக்ஸ் இன்க்.கிலிருந்து ஏ.ஓ.எல்.லுக்குப் போன டி.யு.ஏ.டபிள்யூ. என்ற ஆப்பிள் வலைப்பதிவு 2015-ல் மூடப்பட்டது. 2024-ல் அந்தப் பெயரை வாங்கிய வேறொருவர், இயந்திரம் எழுதிய கட்டுரைகளைப் பழைய எழுத்தாளர்களின் பெயரிலேயே வெளியிட்டார். ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் தவிர்க்கக்கூடிய அவமானம்.

விற்பதானால், இத்தகைய தளங்களுக்கு விலை பேசப்படுவது பெரும்பாலும் கடந்த 12 மாதங்களின் சராசரி மாத லாபத்தின் மடங்காக. இருபத்தைந்து முதல் நாற்பது மடங்கு வரை வழக்கமாகப் பேசப்படுகிறது. மூன்று தளங்களையும் சேர்த்து விற்றால் நேரடி விளம்பர ஒப்பந்தங்களும் கூடவே போகும், விலை ஏறும். ஒன்றை மட்டும் விற்றால் அந்தக் கூட்டு ஒப்பந்தத்தில் அதன் பங்கு என்ன என்று வாங்குபவர் கேட்பார். படி 6-ன் கணக்கு இல்லாவிட்டால் சொல்லப் பதில் இருக்காது. பேரம் முடியும் வரை பணத்தை நடுவர் வைத்திருக்கும் எஸ்க்ரோ வழியாகவே வாங்குங்கள். ஒப்படைக்க வேண்டியவை டொமைன், கோப்புகள், தரவுத்தளம், அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல், மின்னஞ்சல் பட்டியல், எழுத்தாளர் ஒப்பந்தங்கள். ஆட்சென்ஸ் கணக்கை மாற்றிக் கொடுக்க முடியாது. வாங்குபவர் தன் கணக்கில் தளத்தைச் சேர்த்து ஒப்புதல் வாங்கும் வரை விளம்பர வருமானம் நிற்கும். அந்த இடைவெளி யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.